பெட்டியின் சுருதி

ஸ்பீக்கர் வாங்கப் போகிற நம்மூர் ஆட்கள், பாட்டுப் போடச் சொல்வதற்கு முன்பே ஒரு காரியம் செய்வார்கள். பெட்டியின் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். கனத்தால் முகம் மலரும். சுலபமாக எழும்பி வந்துவிட்டால், "உள்ளே ஒண்ணுமே இல்ல போலிருக்கே" என்று வைத்துவிடுவார்கள். நானும் இதில் யாருக்கும் சளைத்தவன் இல்லை. வெகுகாலம் என் கை சொன்னதைத்தான் என் காது கேட்டுக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளில் கும்பகோணத்தில் எங்களுக்குக் கம்பெனி செட் எட்டாக்கனி. சென்னைக்குப் போகிற யாரையாவது பிடித்து, ரிச்சி தெருவில் வூஃபரும் ட்வீட்டரும் கிராஸ்ஓவரும் வாங்கி வரச்சொல்வோம். பெட்டியை உள்ளூர் மேஸ்திரி அடித்துத் தருவார். அசெம்பிள் செட் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் தம் பெட்டி எவ்வளவு கனம் என்பதில் ஒரு கர்வம் உண்டு. "பொணக் கனம் கனக்குதுடா" என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. என்ன வாசித்தது, எப்படி வாசித்தது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

என் முதல் ஜோடிப் பெட்டிகள் 18 மில்லிமீட்டர் பார்ட்டிகிள் போர்டில் செய்தவை. 60 சென்டிமீட்டர் உயரம், அகலமும் ஆழமும் 30. எட்டு இஞ்ச் வூஃபர். மரம் மட்டும் ஒரு பெட்டிக்குப் பதினோரு கிலோ வரும். நன்றாகவே வாசித்தன. ஆனால் நண்பன் ஒருவன் வீட்டில் அதைவிடக் கனமான ஜோடி இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. மேஸ்திரியிடம் போய், அதே உள்ளளவில் பலகையை இரட்டிப்பாக ஒட்டி இன்னொரு ஜோடி அடிக்கச் சொன்னேன். சுவர் 36 மில்லிமீட்டர். மேலே ஒரு கடப்பாக்கல். வூஃபரின் காந்தமும் சேர்ந்து ஒரு பெட்டியை ஒற்றை ஆள் மாடிப்படி ஏற்ற முடியாது. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பி, இது பெட்டியா, நெல்லுக் குதிரா?" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அந்தப் பெட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்துங்களேன்" என்பேன். நகர்த்த வேண்டிய அவசியமே இருக்காது. அவர்கள் முக்கித் திணறி என்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கப்புறம் பாட்டைப் போட்டால் யாரும் குறை சொன்னதில்லை. அவ்வளவு கனமான ஒன்று எப்படி மோசமாக வாசிக்கும்?

கனத்தின் மீதிருந்த நம்பிக்கை முழுக்க மூடநம்பிக்கை என்றும் சொல்லிவிட முடியாது. எட்டு இஞ்ச் வூஃபர் ஒன்றின் கூம்புக்குச் சுமார் 210 சதுர சென்டிமீட்டர் பரப்புதான். நான் சொன்ன அளவுள்ள பெட்டிக்கு வெளிப்பரப்பு 9,000 சதுர சென்டிமீட்டர். நாற்பது மடங்குக்கு மேல். கூம்பு அசைகிற வேகத்தில் நாற்பதில் ஒரு பங்கு வேகத்தில் பெட்டிச் சுவர்கள் எல்லாம் அசைந்தாலே, சுவர்கள் எழுப்பும் ஒலி கூம்பின் ஒலிக்குச் சமமாகிவிடும் என்று தோராயமாகச் சொல்லலாம். நடைமுறையில் சுவர் அந்த அளவுக்கு அசைவதில்லை. ஆனால் தனக்குப் பிடித்த ஒன்றிரண்டு அதிர்வெண்களில் எக்கச்சக்கமாக அசையும். ஸ்பீக்கர் பெட்டி வெறும் உறை இல்லை, அதுவும் பேசுகிறது. பேசாமல் இருக்கச் செய்வதுதான் பெட்டி செய்பவரின் வேலை. கனம் அதற்கு ஒரு வழி என்று நினைத்தேன். ஒரே வழி என்று நினைத்ததுதான் வம்பாகப் போயிற்று.

என் தாய்மாமா மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். செட், வாட்ஸ், பேஸ் எதிலும் அவருக்கு அக்கறை கிடையாது. ஒருநாள் வந்தவர் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு கச்சேரி கேசட் கேட்டார். பாடகர் ஆகாரத்தில் ஆலாபனை செய்துகொண்டிருந்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ரசிக்கிறார் என்று நினைத்தேன். அடுத்த கேசட் போட்டேன், வேறு பாடகர், வேறு சுருதி. கண்ணைத் திறந்து, "ஏன் மாப்ளே, எவன் பாடினாலும் கூடவே இன்னொருத்தன் ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன் யாரு?" என்றார்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை. மாமா எழுந்துபோய், பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையை விரல் முட்டியால் நடுவில் தட்டினார். "இவன்தான்" என்று சொல்லி, அந்த ஸ்வரத்தை மெல்ல முனகிக் காட்டினார். பிறகு மூலையில் கிடந்த என் பழைய ஒற்றைப் பலகைப் பெட்டியையும் தட்டினார். மறுபடி முனகினார். சிரித்துவிட்டார். "அதே ஸ்வரம்டா. இதுல மத்திய ஸ்தாயியில நிக்குது. அதுல மேல் ஸ்தாயிக்கு ஏத்தி வெச்சிருக்கே. இதுக்கா அவ்வளவு செலவு?"

அன்றிரவு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பலகையின் கனத்தை இரட்டித்தால் எடை இரண்டு மடங்காகும். ஆனால் வளையாத் தன்மை தடிமனின் மும்மடிக்கு ஏற்ப, அதாவது எட்டு மடங்காகும். எட்டை இரண்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் இரண்டு. பலகையின் இயல்பதிர்வு துல்லியமாக இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்றால் ஒரு ஸ்தாயி. மாமா கணக்கே போடாமல் சொன்னது அதுதான். என் பெட்டியின் பக்கப் பலகை உள்ளளவில் சுமார் 56-க்கு 26 சென்டிமீட்டர். ஒற்றைப் பலகையில் அது சுமார் 350 ஹெர்ட்ஸில் பாடும். இரட்டைப் பலகையில் 700-க்குப் பக்கத்தில்.

700 ஏன் தொல்லை என்பதும் அதற்கப்புறம்தான் புரிந்தது. மனிதன் வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொல்லும்போது, அந்த உயிரெழுத்துக்கு அதன் நிறத்தைக் கொடுக்கும் முதல் அதிர்வுக் கூட்டம் 700, 800 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது. ஆகாரத்தில் நீளும் ஆலாபனைக்கு என் பெட்டி விழுந்து விழுந்து சங்கதி போட்டதில் ஆச்சரியம் இல்லை. பேஸ் ஒலியில் குறையே இல்லாததால் நான் கவனிக்கவில்லை. கனத்த பெட்டியில் அந்த ஒலி அளவில் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் காதுக்கு எந்த இடம் கூர்மையோ அந்த இடத்துக்கு அதைக் கொண்டுபோய் வைத்திருந்தேன். டவுன் பஸ் நியூட்ரலில் நிற்கும்போது ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும் கடகடவென்று ஆடும், வேகமெடுத்தால் அது அடங்கி வேறொரு கண்ணாடி தொடங்கும். ஆட்டத்தை ஒழிக்காமல் வேகத்தை மட்டும் மாற்றுகிற அந்த டிரைவரின் வேலையைத்தான் நானும் செய்திருந்தேன்.

ஆட்டத்தை ஒழிப்பது வேறு வித்தை. அதைத் தேடிப் போனபோது கையில் சிக்கியவை பிரிட்டனின் பிபிசி ஆராய்ச்சித் துறை வெளியிட்ட அறிக்கைகள். எச்.டி. ஹார்வுட் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அங்கே ஸ்பீக்கர்களை ஆராய்ந்தார்கள். வானொலி நிலையத்தில் ஒருவர் பேசுகிற குரலையும், அடுத்த அறையில் ஸ்பீக்கர் வழியாக வரும் அதே குரலையும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிடுவது அவர்களுக்கு அன்றாட வேலை. பெட்டி குரலில் பூசும் சாயம் உடனே பிடிபட்டுவிடும். அவர்கள் வந்து சேர்ந்த முடிவு, பொணக் கனம் தேடிய என்னை நேரே அறைந்தது. பலகை மெல்லியதாகவே இருக்கட்டும், அதன் உள்பக்கம் தார் கலந்த கனத்த பட்டைகளை ஒட்டு என்றார்கள்.

இதில் உள்ள தர்க்கம் அழகானது. மெல்லிய பலகையின் இயல்பதிர்வு கீழே, காது அவ்வளவு கறாராக இல்லாத இடத்துக்கு இறங்குகிறது. அடுத்து, தார் பட்டை அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். ஆனால் அது ஒட்டியிருக்கும் பலகை தன்னைவிட மிகக் கனமானதாக இருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் அந்தப் பட்டை ஒரு வேலை செய்யும். என் 36 மில்லிமீட்டர் சுவரில் ஒட்டினால் யானை முதுகில் பிளாஸ்திரிதான். கனத்தைக் கூட்டக் கூட்ட, அதிர்வை அடக்கும் மருந்து பலிக்காமல் போகிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

அந்தத் துறையில் பிறந்த பெட்டிகளில் பெயர்பெற்றது எல்எஸ்3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேன்களில், இடமில்லாத இடத்தில் வைத்துக் கேட்பதற்காக எழுபதுகளில் செய்தது. ஓர் அடி உயரம்தான். எடை சுமார் ஐந்து கிலோ. எங்கள் ஊர்க் கணக்கில் ‘உள்ளே ஒண்ணும் இல்லை’ ரகம். இன்றும் குரலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை என்று சத்தியம் செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிபிசிக்காரர்களின் அறிக்கையில் ஒரு சின்னச் செய்தி வரும். பெட்டிக்குள் மூலைகளில் பலகைகளைப் பிணைக்கும் ரீப்பர் கட்டைகள் பீச் மரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதிலாகப் பரானா பைன் போட்டபோது ஒலியில் காதுக்குத் தெரியும் சாயம் வந்துவிட்டது. வெளியே தெரியாத இரண்டு குச்சிகள்! நம் மேஸ்திரிகள் மூலைக் கட்டைக்குக் கழிவு மரத்தைத்தான் எடுப்பார்கள். எடுக்கக் கூடாது என்று நானும் சொன்னதில்லை.

பிபிசிக்காரர்கள் போட்ட பர்ச் ப்ளைவுட் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த நல்ல 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட்டில், அதே உள்ளளவில், ஒரு ஜோடி அடிக்கச் சொன்னேன். தார் ஷீட்டை கார் டிங்கரிங் பட்டறையில் வாங்கினேன். கதவுத் தகரம் அதிராமலிருக்க அவர்கள் உள்ளே ஒட்டுவது அதைத்தான். எல்லாம் சேர்த்தும் எடை பழைய பெட்டியில் பாதிகூட இல்லை. மேஸ்திரிக்கு மனசே ஆறவில்லை. "ரெண்டாயிரம் ரூபாய் வூஃபரைப் பழப்பெட்டியில போடுறீங்களே" என்றார். உண்மையில் எனக்கும் ஆறவில்லை. இணைத்துக் கேட்டபோது ஒலி மெலிந்து, மலிவாகக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. பேஸ் போய்விட்டது, உடம்பு போய்விட்டது என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

என் மனைவிக்கு இந்தப் புலம்பல் அலுத்துவிட்டது. ஒரு வேட்டியைக் கொடியில் திரையாகக் கட்டி இரண்டு ஜோடிகளையும் அதன் பின்னால் வைத்தாள். இரண்டிலும் சத்தம் சமமாக இருக்கும்படி முதலில் சரிசெய்துகொண்டோம். இது முக்கியம், ஒரு துளி சத்தம் கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். பிறகு அவள் வயரை மாற்றி மாற்றிப் போட, நான் திரைக்கு இப்பால் உட்கார்ந்து எது எது என்று சொல்ல வேண்டும். குரல் வந்த இடங்களில் எல்லாம் நான் ‘இதுதான் கனத்த பெட்டி, எவ்வளவு தெளிவு பார்’ என்று சொன்னது பெரும்பாலும் பழப்பெட்டியை. அவள் சிரிக்கவில்லை. வயரைச் சுருட்டி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமா அடுத்த முறை வந்து புதுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஸ்வரம் இருக்கு. ஆனா நிக்கல. தட்டின உடனே செத்துடுது" என்றார். பெட்டி செய்பவர்களுக்கு அதைவிட நல்ல சான்றிதழ் எது?

அப்போதே ஓர் ஆசையும் மாமாவிடம் சொன்னேன். பலா மரத்தில் ஒரு ஜோடி செய்தால் என்ன? தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதானே. பக்கத்திலேயே கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பலா பாடும் மாப்ளே. பாடுறதுக்குத்தான் அதைத் தேடிப் பிடிக்கிறாங்க. உன் பெட்டி பாடணுமா, சும்மா இருக்கணுமா?" வெயில்காலத்தில் சுருங்கி மழைக்காலத்தில் உப்பும் முழுமரத்தைவிட, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ப்ளைவுட் பெட்டிக்கு ஏற்றது என்பது தனிக் காரணம்.

பிபிசி வழி ஒன்றே வழி என்றும் நான் சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சி ஒன்று உண்டு. எடை வேண்டாம், விறைப்பு வேண்டும், இயல்பதிர்வை உயரத்துக்குத் துரத்து, அங்கே அதை உசுப்ப ஆளில்லாமல் போகட்டும் என்பது அவர்கள் கொள்கை. எண்பதுகளில் செலஸ்டியன் நிறுவனம் எஸ்எல்600 என்ற பெட்டியை விமானத் தரைக்குப் பயன்படும் தேன்கூட்டு அலுமினியப் பலகையில் செய்தது. விறைப்பு அபாரம், எடை சொற்பம். அதே பத்தாண்டில் பி அண்ட் டபிள்யூ நிறுவனம் பெட்டிக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைக் கோத்து, மேட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தது. அவர்களுக்கெல்லாம் முன்னால், ஐம்பதுகளில், வார்ஃப்டேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ் இரண்டு ப்ளைவுட்டுக்கு நடுவே மணலைக் கொட்டிச் சுவர் செய்தார். மணலில் கனமும் உண்டு, துகள்கள் உரசி அதிர்வைத் தின்பதும் உண்டு. நான் இரண்டு பலகைகளுக்கு நடுவே பெவிகாலை ஊற்றிக் கல்லாக இறுக்கியதற்குப் பதில், இறுகாத ரப்பர் போன்ற எதையாவது ஒரு படலமாகத் தடவியிருந்தால், பாதிக் கனத்தில் வேலை முடிந்திருக்கும்.

சட்டம் போடுவதில் நம்மூரில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியின் நடு உயரத்தில், அலமாரித் தட்டுபோல் குறுக்கே ஒரு சட்டம். எல்லாரும் அங்கேதான் போடுவார்கள், நானும் போட்டேன். 56-க்கு 26 பலகையில் அந்தக் குறுக்குச் சட்டம் இயல்பதிர்வை ஒன்றரை மடங்கை ஒட்டித்தான் உயர்த்தும். அதையே நீளவாக்கில், மேலிருந்து கீழாக நடுவில் நிறுத்தினால் மூன்று மடங்குக்கும் மேல் ஏறும். பலகை வளைவதைத் தீர்மானிப்பது அதன் குறுகிய அளவு; அதை உடைக்காமல் நீளத்தை உடைத்து என்ன பயன்? சட்டத்தைச் சரிபாதியில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைப்பது இன்னும் நல்லது. இரு பாதியும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து பாடாது. அரைக் கிலோ கட்டையில் முடிகிற காரியம். நான் அதற்குப் பதினோரு கிலோவுக்கு மேல் செலவு செய்திருந்தேன்.

இந்த இடத்தில் பானை ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். எங்கள் பக்கம் டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். நாங்கள் பெட்டிக்காரர்கள் அதைப் பார்த்துக் கேலி செய்வோம். ஆனால் பானையில் தட்டையான சுவரே கிடையாது. வளைந்த ஓடு, அதே கனமுள்ள தட்டைப் பலகையைவிடப் பல மடங்கு விறைப்பானது. உள்ளே எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதி மோதி நிற்பதும் குறைவு. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தில் இருந்த ஹாரி ஓல்சன் 1951-இல் பல வடிவப் பெட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒலி சீராக வெளிவருவதற்குக் கோளமே உத்தமம் என்று காட்டினார். டீக்கடைக்காரர் ஓல்சனைப் படித்தவர் இல்லை; பேஸ் கும்மென்று வருகிறது என்று வைத்தார். அந்தக் ‘கும்’மும் பானையின் ஒற்றை ஸ்வரம்தான், அது வேறு கதை. என்றாலும் அவர் எங்களைவிட ஓர் அடி முன்னால் நின்றார்.

இவ்வளவு சொன்ன பிறகு கனத்துக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். கூம்பு முன்னால் பாயும்போது பெட்டி பின்னால் தள்ளப்படுகிறது. கூம்பும் அதோடு அசையும் காயிலும் 25 கிராம், பெட்டி 25 கிலோ என்றால் பெட்டியின் அசைவு ஆயிரத்தில் ஒரு பங்கு. பெட்டி பத்துக் கிலோ என்றால் அது நானூறில் ஒன்று. ஆட்டம் காணும் ஸ்டூல் மேல் அதை வைத்துவிட்டால் இன்னும் மோசம். அடிமட்ட ஒலியில், சட்டென்று விழுகிற பெரிய அடியில், எடை பேசும். சட்டமோ தார் ஷீட்டோ அதற்குப் பதிலாகாது. இப்போது நான் கேட்பது 18 மில்லிமீட்டர் ப்ளைவுட், நீளவாக்குச் சட்டம், தார் ஷீட், மணல் நிரப்பிய இரும்பு ஸ்டாண்ட். சமரசம்தான்.

அந்தக் குதிர் ஜோடியை எடைக்குப் போடலாம் என்று முடிவு செய்திருந்தபோது மாமாவே கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் பழைய நாகஸ்வரக் கச்சேரி டேப்புகள் நிறைய உண்டு. "தவிலோட தொப்பியில குச்சி விழுறப்ப உன் புதுப் பெட்டி கொஞ்சம் பின்வாங்குது மாப்ளே. இது வாங்கலை" என்றார். கூடவே பாடுகிற அந்த இன்னொருத்தனை என்ன செய்வீர்கள் என்றேன். நாகஸ்வரம் வாசிக்கும்போது அவன் குரல் எங்கே எழும்பப் போகிறது என்றார். மினி லாரியில் ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது, ஏற்றுக்கூலியை என்னிடம் வாங்கிக்கொண்டார்.